பீர் பெட்டியும் தடுப்பூசிப் பெட்டியும்

பீருக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்னு கேட்டீங்கன்னா, ரெண்டும் ஒரே பெட்டியில வளர்ந்த பிள்ளைங்கன்னு சொல்வேன். அதுல மூத்த பிள்ளை பீர்தான். தடுப்பூசி ரொம்ப லேட்டா வந்த கடைக்குட்டி.

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். நம்ம ஊர் ஐஸ்கிரீம் கடையில் இருக்குமே, மேல் மூடியைத் தூக்கித் திறக்கும் நீளமான டீப் ஃப்ரீசர். அதற்குள் நாலு ஸ்டீல் உருளைகள், பக்கத்தில் ஒரு கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மரச்சட்டம் ஒன்று அடித்து, அதில் குழாய் மாட்டியிருக்கிறார். வீட்டிலேயே காய்ச்சிய பீரை அதில் ஜில்லென்று வைத்துக் குடிக்கிறாராம். அங்கே அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இங்கே 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கு. வீட்டில் காய்ச்சினால் ஸ்டேஷனுக்குத்தான் போகணும். கல்லீரல் வீங்கி வார்டில் படுத்திருப்பவர்களை தினமும் பார்க்கிற ஆள் நான், அதனால் பீருக்கு விளம்பரம் செய்வேன் என்று யாரும் பயப்பட வேண்டாம். நான் பேச வந்தது அந்தப் பெட்டியைப் பற்றி.

டீப் ஃப்ரீசர் என்பது மைனஸ் 18 டிகிரிக்குப் போக வேண்டிய சாமான். உள்ளே பீரை வைத்தால் உறைந்து உருளையே வெடிக்கும். அப்புறம் எப்படி 4 டிகிரியில் நிற்கிறது?

சின்ன தந்திரம்தான். ஃப்ரீசருக்குக் கரண்ட் போகும் வழியில் வெளியே ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரை மாட்டி, அதன் சென்சார் வயரை உள்ளே விடுகிறார்கள். உள்ளே 4 டிகிரி வந்ததும் அது கரண்டை நிறுத்திவிடும். 5, 6 என்று ஏறினால் திரும்பக் கொடுக்கும். ஃப்ரீசருக்கு, தான் ஃப்ரிட்ஜ் ஆகிவிட்டது தெரியவே தெரியாது. சென்சாரைக் காற்றில் தொங்கவிடக் கூடாது என்பது முதல் பாடம். மூடியைத் திறந்ததும் காற்று சூடாகும், கம்ப்ரசர் ஓடும். மூடினதும் காற்று சட்டென்று குளிரும், கம்ப்ரசர் நிற்கும். இப்படி நிமிஷத்துக்கு நிமிஷம் ஓடி நின்றால் கம்ப்ரசர் சீக்கிரம் போய்விடும். அதனால் சென்சாரை உருளையோடு ஒட்டி டேப் சுற்றுவார்கள், அல்லது ஒரு பாட்டில் தண்ணிக்குள் போட்டு வைப்பார்கள். திரவத்தின் சூடுதானே நமக்கு வேண்டியது, காற்றின் சூடு எதற்கு? நின்ற கம்ப்ரசர் உடனே ஓடாமல் சில நிமிஷம் ஓய்வெடுக்கவும் கன்ட்ரோலரில் வசதி இருக்கு. இதெல்லாம் தஞ்சாவூர் ரோட்டில் கடை போட்டிருக்கும் எந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இப்போ நீங்க எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. தடுப்பூசி அறையில் அதே மாதிரி மேல்மூடி வைத்த வெள்ளைப் பெட்டி ரெண்டு இருக்கும். ஒன்று டீப் ஃப்ரீசர், ஐஸ் பேக் உறைய வைக்க. இன்னொன்றை ஐ.எல்.ஆர். என்போம், ஐஸ் லைன்ட் ரெஃப்ரிஜிரேட்டர், அதாவது சுவரைச் சுற்றி ஐஸ் பூசிய ஃப்ரிட்ஜ். அதற்குள்தான் தடுப்பூசி, 2 முதல் 8 டிகிரிக்குள். பல சென்டர்களில் இரண்டுமே டென்மார்க்கின் வெஸ்ட்ஃப்ராஸ்ட் கம்பெனிப் பெட்டிகள், எம்.கே. என்று தொடங்கினால் ஐ.எல்.ஆர்., எம்.எஃப். என்று தொடங்கினால் ஃப்ரீசர். புதிதாக வருகிற சி.ஆர்.ஆர்.ஐ. பசங்களுக்கு எது எது என்று குழம்பும். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

ஏன் நிற்கும் ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஏன் படுத்திருக்கும் பெட்டி? குளிர்ந்த காற்று கனமானது. நிற்கும் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தால் அது காலடியில் கொட்டிவிடும். கால் விரலில் ஜில்லென்று படும் பாருங்க, அதுதான். மேலே திறக்கும் பெட்டியில் குடத்துத் தண்ணி மாதிரி அது அங்கேயே நிற்கும். பீர்க்காரரும் நாங்களும் ஒரே காரணத்துக்காகத்தான் ஒரே பெட்டியைப் பிடித்திருக்கிறோம்.

(நம்ம ஊரில் ஃப்ரீசர் பாக்ஸ் என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது இது எதுவும் இல்லை, துக்க வீட்டு வாசலில் வந்து இறங்கும் கண்ணாடிப் பெட்டி. பாவம், அந்தப் பெட்டிக்கும் இதே வம்சம்தான்.)

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

செயற்கைக் குளிரை முதலில் செய்து காட்டியவர் ஒரு டாக்டர். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கல்லன், மருத்துவப் பேராசிரியர். ஈதரை வைத்துச் சுற்றியுள்ள காற்றை பம்ப்பால் உறிஞ்சினார். ஈதர் மளமளவென்று ஆவியானது, பக்கத்திலிருந்த தண்ணீர் உறைந்தது. 1756-இல் அது பற்றிய கட்டுரை அச்சில் வந்தது. நம்ம பாட்டி வீட்டு மண்பானையில் நடப்பதும் இதுதான். பானையின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கல்லனிடம் படித்தவர் ஜோசப் பிளாக், அவரும் டாக்டர். ஐஸ் உருகும்போது சூடு ஏறாமலே ஏராளமான வெப்பத்தை விழுங்குகிறது என்று கண்டுபிடித்து அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஒரு கிலோ ஐஸ் உருகி ஒரு கிலோ தண்ணீராவதற்குள் எடுத்துக்கொள்ளும் வெப்பம், அதே தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சுட வைக்கப் போதும். இந்த ஒரு வரியை ஞாபகம் வைச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கல்லன் அதை வைத்து எந்த மெஷினும் செய்யவில்லை. வேடிக்கை காட்டியதோடு சரி.

அடுத்து வந்தவரும் டாக்டர்தான், இவர் கதை எனக்கு மனசு கனக்கும் கதை. ஜான் கோரி, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்பாலச்சிகோலா என்கிற துறைமுக ஊர். மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் கொத்துக் கொத்தாக ஆளைக் கொண்டுபோன காலம். கொசுதான் காரணம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, கெட்ட காற்று என்று நம்பினார்கள். கோரி நோயாளிகளின் அறையில் உச்சியிலிருந்து ஐஸ் பாத்திரத்தைத் தொங்கவிட்டு அறையைக் குளிர வைத்தார். காய்ச்சலில் கொதிக்கும் ஆளுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஆனால் ஐஸ் வடக்கிலிருந்து கப்பலில் வரணும், வராத மாதம் ஒன்றும் செய்ய முடியாது. காற்றை அழுத்தி விரிய விட்டு ஐஸ் செய்யும் மெஷினை அவரே கட்டி, 1851-இல் காப்புரிமையும் வாங்கினார். முதல் போட ஆள் கிடைக்கவில்லை. பத்திரிகைகள் கிண்டல் செய்தன. ஐஸ் வியாபாரிகள் தனக்கு எதிராக வேலை பார்க்கிறார்கள் என்று அவர் நம்பினார். 1855-இல் உடைந்துபோய் இறந்தார். இப்போ அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை இருக்கு. நோயாளிக்காகச் செய்த மெஷினுக்குக் காசு கொடுக்க அன்றைக்கு ஆளே இல்லை.

அந்த ஐஸ் வியாபாரிகள் யார் தெரியுமா? நம்ம மெட்ராஸுக்கே கடை விரித்தவர்கள்.

பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர். குளிர்காலத்தில் அமெரிக்க ஏரிகள் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, பாய்மரக் கப்பலில் ஏற்றி உலகம் பூரா விற்றவர். 1833-இல் டஸ்கனி என்ற கப்பலில் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாதப் பயணம், வெப்ப மண்டலத்தை ரெண்டு தடவை தாண்டணும். போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. 1840-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் கடற்கரையில் ஐஸ் சேர்த்து வைக்க வட்ட வடிவில் ஒரு கட்டடம் எழும்பியது. திருவல்லிக்கேணி பக்கம் இன்றைக்கும் கண்டக்டர் ‘ஐஸ் ஹவுஸ் இறங்கு’ என்று கத்துகிறாரே, அதுதான். பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கினார். 1897-இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். அப்புறம் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்காக நடத்திய விடுதி அங்கே இருந்தது. இப்போ விவேகானந்தர் இல்லம். ஐஸ் வைக்கக் கட்டின வீட்டுக்கு வந்த வாழ்வைப் பாருங்க.

அந்த ஐஸ் யாருக்குப் போனது? பெரும்பாலும் துரைமார் கிளாஸுக்கு. திருச்சியில் அக்னி நட்சத்திர வெயிலில் கிடந்த சாமானியனுக்கு இல்லை. 1870-களில் மெட்ராஸிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் டியூடர் வியாபாரம் படுத்துவிட்டது.

இயந்திரத்துக்கு உயிர் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு இப்போ வரலாம். இங்கேதான் பீர் மேடையேறுகிறது.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒரு பத்திரிகைக்காரர். அச்செழுத்தை ஈதரால் துடைக்கும்போது உலோகம் ஜில்லிட்டதைக் கவனித்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். ஆவியான ஈதரைத் திரும்ப அழுத்தித் திரவமாக்கி மறுபடி ஆவியாக்கும் சுழற்சியை மெஷினாக்கினார். உங்க வீட்டு ஃப்ரிட்ஜில் ஓடுவதும் இதே சுழற்சிதான், வாயு மட்டும் வேறு. அவர் மெஷினை ஆரம்பத்தில் வாங்கியவர்களில் பெண்டிகோ ஊரின் ஒரு பீர் ஆலையும் உண்டு. அந்த வெயிலில் குளிர் இல்லாமல் நல்ல பீர் வராது.

ஏன் வராது? இது கொஞ்சம் நுண்ணுயிரியல், பொறுத்துக்கோங்க. ஜெர்மனியின் லாகர் பீரைச் செய்யும் ஈஸ்ட், 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாக வேலை பார்க்கும். பிறகு கிட்டத்தட்ட உறையும் குளிரில் வாரக்கணக்கில் ஊற வைக்கணும். சூடு ஏறினால் வேண்டாத பாக்டீரியா புகுந்து புளித்துப் போகும், நம்ம தோசை மாவு மே மாதம் புளிக்கிற மாதிரி. அதனால் பவேரியாவில் 1553-லேயே ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை பீர் காய்ச்சத் தடை போட்டார்கள். கோடைக்குத் தேவையானதைக் குளிர்காலத்திலேயே காய்ச்சி, நிலவறையில் ஐஸ் பாளங்களோடு அடுக்கி வைத்தார்கள். நிலவறை மேல் நிழலுக்காக மரம் நட்டார்கள். மரத்தடியில் மேசை போட்டு விற்க ஆரம்பித்ததுதான் ஜெர்மனியின் புகழ்பெற்ற பீர் தோட்டங்கள்.

ஒரு வருஷம் பனி சரியாக விழவில்லை என்றால் அடுத்த கோடை ஆலை அதிபர் தலையில் துண்டு. அவர்களிடம் பணமும் இருந்தது, பயமும் இருந்தது. கோரியின் நோயாளிகளிடம் பயம் மட்டும்தான் இருந்தது.

மியூனிக் தொழில்நுட்பப் பள்ளியில் கார்ல் ஃபான் லிண்டே என்ற இளம் பேராசிரியர் குளிரூட்டும் இயந்திரம் பற்றிக் கட்டுரை எழுதினார். படித்தவர்கள் பீர் ஆலைக்காரர்கள். ஸ்பாட்டன் ஆலையின் கேப்ரியல் ஸெடில்மேயர், வா தம்பி, என் ஆலையிலேயே சோதனை பண்ணு என்று இடம் கொடுத்தார். 1873-இல் முதல் மெஷின், மீத்தைல் ஈதரில் ஓடியது. வாயு கசிந்து பாடாய்ப் படுத்தியது. ரெண்டாவது மெஷின் 1876-இல், அம்மோனியாவில். இது நின்றது. 1879-இல் பேராசிரியர் வேலையை விட்டு கம்பெனி தொடங்கினார். ஐரோப்பா பூரா பீர் ஆலைகள் வாங்கின. வருஷம் பூரா பீர் காய்ச்சலாம் என்றானது. டீசல் எஞ்சின் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் இந்த லிண்டேவின் மாணவர், அவர் கம்பெனியில்தான் முதலில் வேலை பார்த்தார் என்பது உபரித் தகவல்.

பீரில் சம்பாதித்த காசோடு லிண்டே இன்னும் கீழே போனார். 1895-இல் காற்றையே திரவமாக்கினார். 1902-இல் அந்தத் திரவக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைத் தனியாகப் பிரித்தார். 2021 மே மாதம் ஞாபகம் இருக்கா? டேங்கர் எப்போ வரும், எத்தனை மணி நேரத்துக்கு இருக்கு என்று ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். மருத்துவமனைப் பின்புறம் நிற்கும் அந்த வெள்ளை டேங்க்கில் மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் திரவ ஆக்ஸிஜனின் பூர்வீகம் மியூனிக் பீர் ஆலையின் கொல்லைப்புறம். குடிப்பவர்களுக்கு இது ஒரு சாக்கு கிடையாது, சொல்லிட்டேன்.

நம்ம நாட்டில் இயந்திரக் குளிர் பரவுவதற்கு முன் ஒரே வழி மலை ஏறுவதுதான். இமயமலைச் சாரலில் கசௌலியில் பீர் ஆலை வந்தது. நீலகிரியிலும் வந்தது. 1915-இல் தாமஸ் லெய்ஷ்மேன் தென்னிந்தியாவின் ஐந்து சிறு பீர் ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் ஆரம்பித்தபோது அதில் ஒன்றின் பெயரே நீலகிரிஸ் புரூவரி. இப்போ வெறிநாய்க்கடி ஊசி செய்யும் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்கள் எங்கே வந்தன என்று பாருங்க: 1900-இல் கசௌலி, 1907-இல் குன்னூர். பீரும் தடுப்பு மருந்தும் ஒரே மலைகளில்தான் அடுத்தடுத்து குடியேறியிருக்கின்றன.

மலையில் செய்து விடலாம். கீழே சமவெளிக்கு, ஒரு கிராமத்துக் குழந்தையின் கைக்கு எப்படிக் கொண்டுபோவது? இதுதான் நிஜமான சிக்கல்.

பெரியம்மைத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்த கதை தெரிந்தால் ஆச்சரியப்படுவீங்க. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயசுக் குழந்தைக்கு முதல் ஊசி. அவள் கையில் எழும்பிய கொப்புளத்து நீரிலிருந்து அடுத்த குழந்தைகளுக்கு, அவர்களிடமிருந்து அடுத்தவர்களுக்கு. இப்படிக் கைக்குக் கை மாற்றித்தான் அது மெட்ராஸ் வரை வந்தது. ஸ்பெயின் ராஜா 1803-இல் தென் அமெரிக்காவுக்குக் கப்பல் அனுப்பியபோது இருபதுக்கு மேல் அநாதைச் சிறுவர்களை ஏற்றி அனுப்பினார். வழியெல்லாம் ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்கு மாற்றிக்கொண்டே போனார்கள். ஐ.எல்.ஆர். இல்லாத காலத்தில் குழந்தையின் உடம்புதான் ஐ.எல்.ஆர். அதில் ஒரு குழந்தைக்கு வேறு தொற்று இருந்தால் அதுவும் சங்கிலி முழுக்கப் போகும். பின்னாடி கன்றுக்குட்டியின் தோலிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். நம்ம கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் 1899-இல் தொடங்கப்பட்டதே பெரியம்மைத் தடுப்பு மருந்து செய்யத்தான். அதுவும் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். 1950-களில் லண்டனில் லெஸ்லி காலியர் அதை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கும் முறையைச் சரி செய்தார். அந்தப் பொடி 37 டிகிரியிலும் ஒரு மாதம் தாங்கும். அதனால்தான் சைக்கிளில் போயே பெரியம்மையை ஒழிக்க முடிந்தது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் அது பரவவில்லை. பெரியம்மையை நாம் ஜெயித்ததில் குளிர் தேவைப்படாமல் போனதற்குப் பெரிய பங்கு உண்டு.

போலியோ, தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மருந்துகள் அந்த மாதிரி இல்லை. குளிர் கேட்கும்.

1978-இல் ரெண்டு விஷயம் நடந்தது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல். அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் வீட்டில் பீர் காய்ச்சுவதை மத்தியச் சட்டத்தில் அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார். அங்கே குளிர்பானக் கம்பெனிகள் பிற்பாடு பழைய 19 லிட்டர் ஸ்டீல் உருளைகளைக் கழித்துக்கட்டியதும், வீட்டு பீர்க்காரர்கள் சல்லிசாக வாங்கி டீப் ஃப்ரீசருக்குள் அடுக்க ஆரம்பித்தார்கள். அதே 1978-இல் இந்தியா விரிவான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. 1985-இல் அது எல்லாக் குழந்தைக்குமான திட்டமானது. பாஸ்டன் கேரேஜில் பீருக்கு வந்த கேள்வியும் திருவெறும்பூர் கிராமத்தில் தடுப்பூசிக்கு வந்த கேள்வியும் ஒன்றுதான்: மைனஸுக்கும் போகக் கூடாது, 8-ஐயும் தாண்டக் கூடாது, எப்படி?

பீர்க்காரருக்கு ஒரு சௌகரியம், அவர் ஊரில் கரண்ட் போகாது. நமக்குப் போகும். அதனால்தான் கன்ட்ரோலரை மட்டும் மாட்டிய ஃப்ரீசர் நமக்கு உதவாது. ஐ.எல்.ஆரின் உள்சுவரைச் சுற்றித் தண்ணீர் அடைத்த குழாய்களோ பேக்குகளோ இருக்கும். கரண்ட் இருக்கும்போது கம்ப்ரசர் முதலில் அந்தத் தண்ணீரை ஐஸாக்கிவிடும். கரண்ட் போனால் ஐஸ் உருகும், உருகும்போது ஜோசப் பிளாக் சொன்ன அந்த உள்ளுறை வெப்பத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் கரண்ட் கிடைத்தால் போதும். வெளியே 43 டிகிரி அடித்தாலும் கரண்ட் இல்லாமல் குறைந்தது 20 மணி நேரம் உள்ளே தாங்கணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

43 டிகிரி என்பது திருச்சிக்காரனுக்குப் புத்தகத்து எண் இல்லை. அரியமங்கலத்தில் மே மாதம் மதியம் ரெண்டு மணிக்கு, ஒரு பக்கம் தஞ்சாவூர் ரோட்டுத் தார், இன்னொரு பக்கம் குப்பைக்கிடங்குப் புகையோடு நின்று பார்த்தவருக்குத் தெரியும்.

2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத வருஷம். நான் அப்போ எம்.பி.பி.எஸ். மாணவன், மெழுகுவத்தியில் பார்மகாலஜி படித்தவன். அதற்குச் சில மாதம் முன்புதான், 2011 டிசம்பரில், நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பென்டாவேலன்ட் தடுப்பூசி வந்தது. தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி, ஹிப் என்று அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி. சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போச்சு. சாதாரண ஃப்ரிட்ஜை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. ஒன்றரை மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதன்கிழமை வரிசையில் நின்ற அம்மாக்களுக்கு அந்தப் பெட்டியின் சுவருக்குள் ஐஸ் இருந்தது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் மக்கள் நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கு. தடுப்பூசிக்குச் சூடு மட்டும் எதிரி இல்லை, அதிகக் குளிரும் எதிரி. போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் பரவாயில்லை. ஆனால் பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் ஊசிகளில் மருந்து அலுமினிய உப்பின் நுண்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். உறைந்தால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திப்பியாகிவிடும். உருகிய பிறகு கலங்கலாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். போட்டால் வலிக்கும், காய்ச்சல் வரும், ஆனால் எதிர்பார்த்த பாதுகாப்பு வராது. சூட்டில் கெட்டதைக் காட்டிக்கொடுக்க வயல் மேலேயே நிறம் மாறும் சின்னக் கட்டம் இருக்கு. உறைந்து கெட்டதை அது காட்டாது. சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை ஒன்று செய்வோம். வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிய வயலையும் சந்தேகப்பட்டதையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்தால், கெட்டது சீக்கிரம் அடியில் படியும்.

பெட்டியின் அடிப்பகுதிதான் ரொம்பக் குளிரானது. அதனால்தான் ஐ.எல்.ஆரில் கூடை வைத்து, உறையக் கூடாத ஊசிகளை அந்தக் கூடைக்குள் மேலே வைப்போம். பீர்க்காரர்கள் இதே பிரச்சினைக்கு உள்ளே சின்ன ஃபேன் ஒன்றை மாட்டிக் காற்றைக் கலக்கிவிடுகிறார்கள். அவர் உருளை உறைந்தால் அவருக்கு ஒரு வாரக் குடி நஷ்டம், அவ்வளவுதான். இங்கே ஒரு டிரே உறைந்து யாரும் கவனிக்கவில்லை என்றால், பத்து வருஷம் கழித்து ஒரு பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் வந்து நிற்கும்போது, ஊசி போட்ட கார்டைக் காட்டி அந்த அம்மா கேட்கும் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது.

அதனால்தான் சிஸ்டர்கள் காலையும் மாலையும் டெம்பரேச்சர் எழுதுகிறார்கள், ஞாயிறு தீபாவளி எதுவும் விதிவிலக்கில்லை. 2015-லிருந்து நாடு முழுக்கப் படிப்படியாக வந்த ஈவின் திட்டத்தில் பெட்டிக்குள்ளேயே சிம் கார்டு போட்ட கருவி இருக்கு. சூடு தப்பினால் போனுக்கு மெசேஜ் வரும். ஆனாலும் நோட்டில் எழுதும் கையை நான் இன்னும் அதிகம் நம்புகிறேன். மாவட்டத்துக்கு மாவட்டம் ரெஃப்ரிஜிரேஷன் மெக்கானிக் என்று ஒரு பதவி இருக்கு. டாக்டருக்குக் கிடைக்கும் மாலை மரியாதை அவருக்குக் கிடைப்பதில்லை. லிண்டேவின் வாரிசு என்று நான் யாரையாவது சொல்வதென்றால் ஸ்பேனரோடு வரும் அவரைத்தான்.

கமென்ட்டில் எப்படியும் கேட்பீங்க, அதனால் இங்கேயே சொல்லிடறேன். வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். பிரிக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரி, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில். ஃப்ரீசரில் கண்டிப்பா வேண்டாம், ஃப்ரீசரை ஒட்டிய தட்டிலும் வேண்டாம்; உறைந்த இன்சுலினை உருக்கிப் போடாதீங்க, தூக்கிப் போடுங்க. ஃப்ரிட்ஜ் இல்லாத வீடா? ஒரு பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி பாட்டில். மணல் காயாமல் காலை மாலை தண்ணி தெளிங்க. 2 டிகிரி வராது, ஆனால் வெளி வெயிலைவிட நன்றாகவே இறங்கும். கரண்ட் போச்சுன்னா ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீங்க. எங்க தடுப்பூசி அறையிலும் கரண்ட் போனதும் சிஸ்டர் முதலில் செய்வது அதுதான்: போன நேரத்தை நோட்டில் எழுதிவிட்டு, மூடியைத் தொடாமல் விட்டுவிடுவார்.